புல்லா கூப்பிடுகிறது

தைமிக்கு அந்தத் தீவில் இரண்டு பெயர்கள். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தைமி. படகுத்துறையில் மட்டும் ‘டயர் திமிங்கலம்’.

இரண்டாவது பெயரை வைத்தவர் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஊர்ஹோ மாமா. வைத்ததோடு விட்டாரா? அதுதான் இல்லை. அவளை எங்கே பார்த்தாலும் காதில் கையை வைத்துக்கொண்டு, “என்ன தைமி, இன்னிக்கு டயர் என்ன சொல்லுது? வீட்டுல எல்லாரும் சௌக்கியமாமா?” என்று கேட்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். தைமியும் சேர்ந்து சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாடு இறங்காது.

நடந்தது இதுதான்.

தைமியின் அம்மா கெர்ட்டுவுக்கு ஓர்கா திமிங்கலங்களைக் கண்காணிக்கும் வேலை. ஓர்காவின் முதுகில் உயரமாக ஒரு துடுப்பு நிற்கும். ஒவ்வொரு துடுப்பிலும் ஒவ்வொரு மாதிரி வெட்டு இருக்கும், துடுப்புக்குப் பின்னால் ஒவ்வொரு மாதிரி சாம்பல் திட்டு இருக்கும். அம்மா படகில் பின்னாலேயே போய் அதைப் பார்த்து, “இவ மூத்தவ, இவன் அவ மகன், அது அவன் தங்கச்சி” என்று சொல்லிவிடுவார்.

கண்ணுக்குத் தெரியாதபோது காது இருக்கிறது. தீவை ஒட்டிய விரிகுடாவின் அடியில் ஒரு மைக் கிடந்தது. தண்ணீருக்குள் கேட்கிற சத்தமெல்லாம் கம்பி வழியாக வந்து, கரையிலிருந்த மரக் குடிலின் ஸ்பீக்கரில் கேட்கும். மீன் தின்னும் ஓர்காக்கள் சரியான வாயாடிகள். பலூன் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்திலேயே அவை நாள் முழுக்கப் பேசும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு. தைமிக்கு மூன்று குடும்பங்களின் பேச்சு அத்துப்படி.

ஓர்கா வந்தால் குடிலிலிருந்து வயர்லெஸ்ஸில் சொல்லவேண்டும். உடனே படகுகள் வேகத்தைக் குறைக்கும். வலை போட்டவர்கள் வலையைத் தூக்கிவிடுவார்கள். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். தீவுக்கு முன்னாலிருந்த அந்த ஜலசந்தியில் அப்படித்தான் வழக்கம்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் தைமி சொன்னாள். எல்லாரும் வலையைத் தூக்கினார்கள். காத்திருந்தார்கள். கழுத்து வலிக்கும்வரை கடலைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் பார்த்தால், படகு இடிக்காமலிருக்கத் துறையில் கட்டித் தொங்கவிட்ட பழைய டயர்! அலை அடிக்கும்போதெல்லாம் அது தூணில் உரசி ‘கீ…ஈய்’ என்று கத்தியிருக்கிறது. சத்தம் தூண் வழியாகத் தண்ணீரில் இறங்கி, மைக் வழியாக ஏறி, தைமியின் காதில் ஓர்காவாக விழுந்திருக்கிறது.

ஊர்ஹோ மாமாவுக்குக் கைக்கு வந்த மீன் கடலோடு போயிற்று. பிறகு பெயர் வைக்காமல் இருப்பாரா?

அம்மா திட்டவில்லை. ஒரே ஒரு விதியைச் சொன்னார்.

“ஓர்கா எப்பவும் கும்பலாத்தான் பேசும். நாலஞ்சு குரல் கலந்து கேட்டா அது குடும்பம். ஒரே சத்தம் ஒத்தையா, திரும்பத் திரும்பக் கேட்டா அது டயர். இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல என்னைக் கூப்பிடு. நான் பாத்துக்கறேன். சரியா?”

“சரிம்மா” என்றாள் தைமி. அன்றிலிருந்து வயர்லெஸ் பொத்தானைத் தொடும்முன் அவள் இரண்டு தடவை யோசித்தாள்.

ஆகஸ்ட் வந்தது. சால்மன் மீன் கூட்டம் கூட்டமாக ஜலசந்திக்குள் நுழைந்தது. ஒரே ஒரு நாள்தான் வலை போட அனுமதி. அன்று விடிந்ததிலிருந்து மூடுபனி. அம்மா ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து தீவின் வடக்கு முனைப் பக்கம் போயிருந்தார். குடிலில் தைமியும் அவள் தம்பி ஒன்னியும் மட்டும். ஒன்னிக்கு எட்டு வயது. ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மேசையெல்லாம் தூள் சிந்திக்கொண்டிருந்தான்.

அம்மா பின்தொடர்ந்த குடும்பத்தில் ஒரு குட்டி உண்டு. மூன்று வயது. அம்மா அதை ஒரு எண் சொல்லித்தான் குறிப்பிடுவார். ஒன்னிக்கு எண்ணெல்லாம் நினைவில் நிற்காது. குண்டாக, பளபளவென்று இருக்கிறது என்று அதற்குப் புல்லா என்றே பெயர் வைத்துவிட்டான்.

காலையில் அந்தக் குடும்பம் விரிகுடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கூழாங்கல் கரைக்கு வந்திருந்தது. ஆழமில்லாத தண்ணீரில் படுத்து, கல்லில் வயிற்றைத் தேய்த்துக்கொள்வதில் அவற்றுக்கு அவ்வளவு ஆசை. மனிதர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஸ்பீக்கரில் கல் உருளும் சத்தம் கடகடவென்று கேட்டது. பிறகு குடும்பம் வடக்கே கிளம்பிவிட்டது. அம்மாவும் பின்னாலேயே போய்விட்டார்.

வயர்லெஸ் கரகரத்தது.

“குடில், குடில். கெர்ட்டு பேசறேன்.”

“சொல்லும்மா.”

“வடக்கு முனைக்கு வந்தாச்சு. மூத்தவ இருக்கா, ரெண்டு மகனுங்க இருக்காங்க, மக இருக்கா. குட்டியக் காணோம்.”

“பனியில தெரியலையோ என்னவோம்மா.”

“குட்டியோட அம்மா மேல வர்றப்பல்லாம் பாத்துட்டேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்.” கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு. “புல்லா இல்ல தைமி.”

அம்மா இதுவரை ஒரு நாளும் புல்லா என்று சொன்னதில்லை. எண்தான் சொல்வார்.

ஓர்காக் குட்டி தாயைவிட்டு அதிக தூரம் போகாது. தாய் இருந்து குட்டி இல்லை என்றால், பெரும்பாலும் அந்தக் குட்டியை அதன்பிறகு யாரும் பார்ப்பதில்லை. இது தைமிக்குத் தெரியும். ஒன்னிக்குத் தெரியாது.

“புல்லா எங்கக்கா?”

“அம்மா தேடுறாங்க.”

“ஒளிஞ்சு விளையாடுதா?”

“ம்” என்றாள் தைமி. வேறென்ன சொல்வது?

வெளியே படகுகள் ஒவ்வொன்றாகத் துறையைவிட்டுக் கிளம்பின. ஸ்பீக்கரில் இன்ஜின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. தைமி ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினாள்.

‘கீ…ஈய்.’

கை அப்படியே நின்றது.

‘கீ…ஈய்.’

இரைச்சலுக்கு நடுவே நூல்போல ஒரு சத்தம். ஒற்றைச் சத்தம். அதுவும் திரும்பத் திரும்ப.

“டயர்” என்றான் ஒன்னி, வாய் நிறைய ரொட்டியோடு. “படகு போச்சுல்ல. அலை அடிக்குது. டயர் கத்துது.”

விதிப்படி அவன் சொன்னதுதான் சரி. கிளம்பிய படகுகள் எழுப்பிய அலையில் துறையே ஆடிக்கொண்டிருந்தது. தைமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மறுபடி முன்னால் குனிந்தாள். அந்தச் சத்தம் ஒருமுறை கேட்கும், பிறகு கொஞ்ச நேரம் இருக்காது, மறுபடி கேட்கும். அந்த இடைவெளிதான் அவளை என்னவோ செய்தது. கூப்பிட்டுவிட்டு, யாராவது ‘என்ன’ என்று கேட்கிறார்களா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

‘எல்லாரும் சௌக்கியமாமா?’ என்று ஊர்ஹோ மாமாவின் குரல் அவள் தலைக்குள் கேட்டது. இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் அவ்வளவுதான். அப்புறம் குடில் சொல்வதையே யாரும் நம்பமாட்டார்கள். அம்மாவையும் சேர்த்துத்தான். ஆனால் இது டயர் இல்லையென்றால்?

தைமி எழுந்தாள். “ஒன்னி, அந்தச் சட்டியையும் கரண்டியையும் எடு.”

“சமைக்கப் போறியா?”

“இல்லடா. ஜன்னலத் திற. ஸ்பீக்கர் பக்கத்துல உக்காரு. ‘கீ’ன்னு கேக்கறப்பல்லாம் சட்டியில ஒரு தட்டு தட்டு. கேட்டா மட்டும்தான் தட்டணும். எனக்குத் துறையில கேக்கணும்.”

“நீ எங்க போற?”

“டயரைக் கட்டிப்பிடிக்க.”

ஒன்னி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் சட்டியில் தட்டுகிற வேலையை எந்தப் பையன்தான் வேண்டாம் என்பான்?

தைமி துறைக்கு ஓடினாள். பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் கீழே விட்டு, டயரைத் தூணிலிருந்து இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாசியும் சிப்பியுமாக ஒரே வழுக்கல். தண்ணீர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. ஓர் அலை வந்து முகத்தில் அடித்தது. டயர் அசைந்து பார்த்தது. அவள் விடவில்லை.

டயர் வாயே திறக்கவில்லை.

‘டங்.’

குடிலிலிருந்து சட்டிச் சத்தம். தைமி டயரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் ‘டங்’.

“டேய் ஒன்னி, சும்மா தட்டுறியா?”

“இல்லக்கா. சத்தியமா கேக்குது.”

‘டங்.’

தைமி டயரை விட்டுவிட்டு எழுந்தாள். சட்டையெல்லாம் பச்சைப் பாசி. ஓடி வந்து, ஈரக் கையோடு பொத்தானை அழுத்தினாள்.

“அம்மா, அம்மா, தைமி பேசறேன்.”

“சொல்லு.”

“இங்க ஒரு சத்தம் கேக்குது. ஒத்தையா, திரும்பத் திரும்ப.”

அம்மாவின் பெருமூச்சு வயர்லெஸ்ஸிலேயே கேட்டது. “தைமி, அது டயர்தான் கண்ணு. நான்தான் சொல்லியிருக்கேன்ல.”

“டயரைக் கட்டிப்பிடிச்சுப் பாத்தேன்மா. அது கத்தல. அப்பவும் சத்தம் வந்துச்சு. ஒன்னி சட்டியில தட்டினான்.”

“யாரு, எதுல தட்டினான்?”

தைமி முதலிலிருந்து சொன்னாள். வயர்லெஸ்ஸில் எல்லாப் படகும் ஒரே அலைவரிசை. அவள் பேசியதை ஊரே கேட்டிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“நான் சொன்ன விதி தப்பு” என்றார் அம்மா மெதுவாக. “தொலைஞ்சுபோன குட்டி ஒத்தையாத்தானே கத்தும். எனக்கு அது தோணவே இல்ல. இங்க பாரு, குடும்பமும் நகர மாட்டேங்குது. முனையிலயே சுத்திச் சுத்தி வருது. நானும் ஏன்னு புரியாம நிக்கறேன்.”

“அப்ப புல்லா கூழாங்கல் கரையிலயே நின்னிருக்கும்மா. விளையாட்டுல அவங்க போனதப் பாத்திருக்காது.”

“அது கூப்பிடறது இவங்களுக்குக் கேக்கலையே” என்றார் அம்மா.

ஸ்பீக்கர் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஏன் கேட்கவில்லை என்று தைமிக்குப் புரிந்துவிட்டது. குட்டிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஊர்ப் படகுகள் மொத்தமும் போய்க்கொண்டிருந்தன.

அதற்குள் வயர்லெஸ்ஸில் ஊர்ஹோ மாமா வந்துவிட்டார். “மறுபடியுமா? கெர்ட்டு, இன்னிக்கு ஒரு நாள்தான் வலை. மீன் கீழ ஓடிட்டு இருக்கு. இன்ஜினை நிறுத்துன்னு சொல்லிடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

“ஜூன்ல பட்டதே போதும்” என்று வேறு யாரோ முணுமுணுத்தார்கள்.

பொத்தானில் இருந்த தைமியின் விரல் தானாகவே விலகப் பார்த்தது. ஸ்பீக்கரில் மறுபடி அந்த நூல்போன்ற குரல். இந்தத் தடவை முன்னைவிடச் சின்னதாக இருந்தது. அவள் அழுத்தமாகப் பொத்தானைப் பிடித்தாள்.

“மாமா, அது ஓர்காதான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். போன தடவை தப்பாச் சொன்னேன். இந்தத் தடவை நீங்களே கேட்டுக்கோங்க.”

சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தாள். பொத்தானை விடவே இல்லை. கடலுக்கடியில் கேட்பதெல்லாம் ஒவ்வொரு படகுக்கும் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து விட்டாள்.

“என்ன எழவு இரைச்சல் இது?” என்றார் ஊர்ஹோ மாமா. “உங்க மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்ல மாமா. அது நீங்கதான்.”

“நானா?”

“உங்க இன்ஜின். தண்ணிக்கடியில அப்படித்தான் கேக்கும். உங்க படகு, இம்பி அத்தை படகு, எல்லாம் சேர்ந்து. இதுக்குள்ளதான் அது கூப்பிட்டுக்கிட்டு இருக்கு.”

நாற்பது வருஷமாக அந்தக் கடலில் படகு ஓட்டுகிறவர் ஊர்ஹோ மாமா. தன் படகு கீழே எப்படிக் கத்துகிறது என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

தைமி மறுபடி வயர்லெஸ்ஸை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்தாள். ஒன்னி வந்து அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான்.

இரைச்சலில் ஒரு கனமான சத்தம் இருந்தது, ‘தட் தட் தட்’ என்று. அது சட்டென்று நின்றது.

“அது மாமா படகுக்கா” என்று ஒன்னி கிசுகிசுத்தான்.

அடுத்து ஒரு ‘உர்ர்’ நின்றது. அது இம்பி அத்தையின் படகாக இருக்கும். பிறகு இன்னொன்று, இன்னொன்று. வடக்கு முனையில் அம்மாவும் இன்ஜினை நிறுத்தியிருக்கவேண்டும். கடைசி இரைச்சலும் அடங்கியதும், தைமி இதுவரை அந்த ஸ்பீக்கரில் கேட்டே இராத ஓர் அமைதி வந்தது.

‘கீ…ஈய்.’

இப்போது நூலெல்லாம் இல்லை. தெளிவாக, பக்கத்தில் நின்று கூப்பிடுவதுபோல் கேட்டது. கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, கடைசியில் சுருக்கென்று ஒரு சுண்டு. டயருக்கு இந்தச் சுண்டு வராது. அந்தக் குடும்பத்துப் பேச்சு அது.

யாரும் பதில் சொல்லவில்லை. அமைதி.

‘கீ…ஈய்.’

மறுபடி அமைதி. மூடுபனிக்குள் எல்லாப் படகுகளும் சும்மா மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு படகிலும் ஆட்கள் வயர்லெஸ்ஸைச் சுற்றி நின்றிருப்பார்கள். யாராவது இருமினால்கூட மற்றவர்கள் முறைத்திருப்பார்கள்.

‘கீ…ஈய்.’

“பதில் சொல்லுங்களேன்” என்றான் ஒன்னி ஸ்பீக்கரைப் பார்த்து. அவன் குரல் உடைந்திருந்தது.

அப்போது வந்தது. எங்கோ தூரத்திலிருந்து, பக்கத்து ஊரில் யாரோ கூப்பிடுவது காற்றில் கேட்பதுபோல் லேசாக. கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, கடைசியில் அதே சுண்டு. கொஞ்சம் தடித்த குரல்.

அதைக் கேட்டதும் புல்லா போட்டதே ஒரு கூச்சல். மூச்சுவிடாமல், ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து அம்மாவிடம் புகார் சொல்கிற பிள்ளைகள் அப்படித்தான் பேசும்.

தைமி பொத்தானை விட்டாள். உடனே அம்மாவின் குரல் வந்தது.

“குடும்பம் திரும்பிடுச்சு. உங்க பக்கம் வருது. புல்லாவோட அம்மா முன்னால வர்றா. இவ ஒரு நாளும் இவ்வளவு வேகமாப் போய் நான் பாத்ததில்ல. யாரும் அசையாதீங்க, அப்படியே இருங்க.”

“நான் அசையல” என்றார் ஊர்ஹோ மாமா. வழக்கமாகக் கத்திப் பேசுகிறவர், ரகசியம் சொல்வதுபோல் பேசினார். “என் படகுக்கு இடப்பக்கத்துல மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. இப்பத் துடுப்பு தெரியுது. சின்னது. ஒத்தையாப் போகுது. வடக்காலதான் போகுது. போ, போ. நேராப் போ. பயப்படாத.”

“யார்கிட்டப் பேசற ஊர்ஹோ?” என்றார் இம்பி அத்தை.

“உன்கிட்ட இல்ல.”

பனிக்குள் என்ன நடந்தது என்று குடிலிலிருந்து தைமியால் பார்க்க முடியவில்லை. ஆனால் காது இருந்ததே. தூரத்துக் குரல் கிட்டே வந்தது. இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு இன்னும் இரண்டு. கடைசியில் எது யார் குரல் என்றே பிரிக்கமுடியாதபடி ஒரே கூச்சலாகக் கலந்துவிட்டது. ஒன்னி சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குடிலைச் சுற்றி ஆடினான்.

“சேர்ந்துட்டாங்க” என்றார் அம்மா. “புல்லா அவ அம்மாவோட ஒட்டிக்கிட்டு வருது. நல்லாத் தெரியுது எனக்கு.” பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். “தைமி, எல்லாருக்கும் நீயே சொல்லிடு.”

தைமி பொத்தானை அழுத்தினாள்.

“எல்லாப் படகுக்கும் குடில் பேசறேன். புல்லா அவங்க அம்மாகிட்டப் போயிடுச்சு. குடும்பம் தாண்டிப் போனதும் நீங்க இன்ஜின் போடலாம். உங்க நேரமெல்லாம் போச்சு. மன்னிச்சுக்கோங்க.”

அவள் காத்திருந்தாள். ஸ்பீக்கரில் ஓர்காக்களின் பேச்சு மெல்ல மெல்லத் தள்ளிப்போயிற்று. துறையில் தண்ணீர் தளும்பியது. எந்த இன்ஜினும் உறுமவில்லை. வயர்லெஸ் கெட்டுப்போய்விட்டதோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது வயர்லெஸ் லேசாகக் கரகரத்தது.

“தைமி.” ஊர்ஹோ மாமாதான். “அந்தப் பொத்தானை இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிறியாம்மா? இங்க எல்லாரும் கேட்டுட்டு இருக்கோம்.”

தைமி வயர்லெஸ்ஸை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கீழே சால்மன்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. மேலே ஒரு படகும் கிளம்பவில்லை.